கொல்லைப்புறத்தில் மண்ணின் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பட்டாம்பூச்சி வந்தால் போதும் என்று தொடங்கியவர்களும், முன்பு வந்த பறவைகளை இப்போது காணோமே என்று வருந்தியவர்களும் என்னிடம் கேட்டவை இவை. கேள்வி எங்கே தொடங்கினாலும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: உங்கள் செடியின் இலையை யார் தின்கிறார்கள்?

மண்ணின் செடி என்று எதைச் சொல்கிறீர்கள்? நாட்டுச் செடிதானே?

மனிதர் கொண்டுவந்து வைக்காமல், ஒரு நிலத்தில் நெடுங்காலமாகத் தானே முளைத்து, அங்குள்ள பூச்சிகளோடும் பறவைகளோடும் சேர்ந்தே உருவான செடியைச் சொல்கிறேன்.

‘நாட்டு’ என்ற சொல் குழப்பிவிடும். நாட்டுத் தக்காளி, நாட்டுப் பப்பாளி என்று நாம் சொல்வது பழைய ரகம் என்ற பொருளில்தான். தக்காளியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. சீமைக்கருவேலம், சீமை அகத்தி என்ற பெயர்களில் இது கடல் தாண்டி வந்தது என்று மொழியே சொல்லிவிடுகிறது. ஆனால் எல்லாப் பெயரும் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. கொய்யா, கொடுக்காப்புளி, காகிதப்பூ, உண்ணிச்செடி எல்லாமே அதே கண்டத்திலிருந்து வந்தவை. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நாட்டின் எல்லைக்கோடும் இதில் உதவாது. மலையுச்சிச் செடி அதே நாட்டின் கடற்கரை மணலுக்கு அந்நியம். நிலத்தையே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அதில் பூக்கும் செடி, மரத்தின் பெயரால் அழைத்த மொழி நம்முடையது. உலகில் எங்கே குடியிருந்தாலும் அந்தக் கண்ணோடு பாருங்கள்: என் வீடு எந்த வகை நிலத்தில் இருக்கிறது, வீடு கட்டுவதற்கு முன் இங்கே என்ன வளர்ந்திருக்கும்?

பூச்செடி நிறைய வைத்திருக்கிறேன். பட்டாம்பூச்சி வருகிறது, தேன் குடிக்கிறது. அது போதாதா?

தேன் குடிக்க வருவது விருந்தாளி. முட்டையிட்டால்தான் அது உங்கள் வீட்டுப் பிள்ளை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. செடிகளால் ஓட முடியாது. அதனால் தங்களைத் தின்பவர்களுக்கு எதிராக இலைக்குள் நஞ்சு, கசப்பு, பால், பிசின் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து வைக்கின்றன. அந்த நஞ்சைச் சமாளிக்கும் உடல் ஒரு பூச்சிக்கு எளிதில் வாய்ப்பதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அப்படி ஒரு செடியின் பூட்டைத் திறந்த பூச்சி பெரும்பாலும் அந்தச் செடிக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டுமே பழகிப்போகிறது. இலை தின்னும் பூச்சிகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு இப்படி ஒருசில தாவரக் குடும்பங்களை மட்டும் நம்பி வாழ்பவை.

எருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது, ஆடுகூட ஒதுங்கிப்போகும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அதைத் தின்றே வளர்கிறது. வளர்வதோடு நிற்காமல் அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்தப் பட்டாம்பூச்சியின் ஆரஞ்சு நிறச் சிறகின் பக்கம் போகாது. வட அமெரிக்காவில் இதே கதையை எருக்கின் உறவான அஸ்கிளேபியாஸ் செடிகளும் மொனார்க் பட்டாம்பூச்சியும் நடத்துகின்றன. இந்தச் செடிகள் இல்லாத இடத்தில் ஆயிரம் ரோஜா பூத்தாலும் அந்தப் புழுவுக்கு உணவில்லை.

புழுவை வளர்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குப் பறவைதான் வேண்டும்.

பறவை வேண்டுமானால் புழு வேண்டும். தானியமும் பழமும் தின்னும் பறவைகளில்கூடப் பெரும்பாலானவை குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகின்றன. பச்சைப்புழு போன்ற மயிரில்லாத புழுக்கள் மென்மையானவை, கொழுப்பும் புரதமும் நிறைந்தவை. கூட்டிலிருக்கும் சின்னத் தொண்டைக்கு அதைவிட ஏற்ற உணவு இல்லை.

எத்தனை வேண்டும் என்று கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும். வட அமெரிக்காவில் சிக்கடி என்று ஒரு பறவை உண்டு, எடை பத்துப் பதினொரு கிராம்தான். ஒரே ஓர் ஈட்டுக் குஞ்சுகளை இறகு முளைத்துப் பறக்கவைக்க அதற்கு 6,000 முதல் 9,000 புழுக்கள் தேவைப்படுகின்றன என்று பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி கணக்கிட்டிருக்கிறார். அத்தனையும் கூட்டைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துக்குள் கிடைக்க வேண்டும். தாய்ப்பறவை ஊர் தாண்டிப் போய்த் தேட முடியாது.

சிட்டுக்குருவிக்கு அட்டைப்பெட்டியில் கூடு செய்து, தானியம் தூவிவைத்து, அப்படியும் பெருகவில்லையே என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். கூடு இருக்கிறது, பெரிய குருவிக்குத் தீனி இருக்கிறது, குஞ்சுக்குத்தான் சாப்பாடு இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் புல்லும் புதரும் வளர விடுங்கள்.

புழு தின்றால் செடி செத்துவிடாதா?

அநேகமாக இல்லை. எங்கள் வீட்டில் இடுப்புயர எலுமிச்சைக் கன்று ஒன்று இருந்தது. எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள் ஒரே வாரத்தில் அதை மொட்டைக் குச்சியாக்கிவிட்டன. முதலில் பறவை எச்சம் போலவே இலையில் ஒட்டிக் கிடந்தன. பெரிதானதும் பச்சைக்கு மாறின. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தைப் பரப்பின. கன்று போய்விட்டது என்றே நினைத்தேன், மனது கேட்கவில்லை. ஆனால் மறு மாதமே தளிர்த்துவிட்டது. அடுத்த முறை புழு வந்தபோது தையல்சிட்டு ஒன்று காலையும் மாலையும் வந்து பொறுக்கிப் போனது. குளவிகளும் வந்தன. அதற்குப் பிறகு அந்தக் கன்று மொட்டையானதே இல்லை.

நட்டுச் சில வாரமே ஆன, நாலைந்து இலை மட்டுமுள்ள நாற்றாக இருந்தால் மெல்லிய வலையால் மூடிவையுங்கள். வேர் பிடித்த செடி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அதே செடியில் இன்னும் இரண்டைச் சேர்த்து வைப்பது நல்ல வழி, புழுக்கள் பிரிந்துகொள்ளும்.

அப்படியானால் வெளியூர்ச் செடிகளை எல்லாம் பிடுங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் சிக்கடிகளைக் கவனித்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தோட்டத்திலுள்ள தாவரத் திரளில் மண்ணின் செடிகள் 70 விழுக்காட்டுக்குக் குறைந்த இடங்களில் அந்தப் பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைக்கும் அளவுக்குக் குஞ்சு பொரிக்க முடியவில்லை. இதை நான் மறுபக்கமிருந்தும் படிக்கிறேன்: மீதி முப்பதில் உங்கள் ரோஜாவுக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாட்டி வைத்த செடிக்கும் இடமிருக்கிறது.

ஆனால் ஒரு கூட்டத்தை விடக்கூடாது: வேலி தாண்டிப் பரவுபவை. உண்ணிச்செடி அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டு ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று காடுகளையே மூடிவிட்டது. அதன் பூவில் பட்டாம்பூச்சி மொய்ப்பதைப் பார்த்து நல்ல செடி என்று ஏமாறுகிறோம். பழத்தைப் பறவை தின்று விதையைத் தொலைவில் போடுகிறது, அங்கே வேறெதுவும் எளிதில் முளைப்பதில்லை. உங்கள் பகுதியில் படரும் செடிகளின் பட்டியலைத் தேடிப் பாருங்கள்; எடுப்பதை அங்கிருந்து தொடங்குங்கள். எடுத்த இடத்தில் உடனே வேறொன்றை நடுங்கள், இல்லையென்றால் அதுவே திரும்ப வரும்.

நல்ல எண்ணத்தோடு வைத்ததும் இடம் மாறினால் கெடுதல் செய்யும். மொனார்க்கைக் காப்பாற்ற அமெரிக்காவின் தென்பகுதியில் பலர் வெப்பமண்டல அஸ்கிளேபியாஸை நட்டார்கள். மண்ணின் வகைகள் குளிரில் மடிந்துபோகும், இது மடிவதில்லை. வலசை போக வேண்டிய பட்டாம்பூச்சிகள் சில அங்கேயே தங்கின. இலையில் ஒட்டுண்ணி ஒன்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து அவற்றை நோயாக்கியது.

ஒரே ஒரு மரம் வைக்கத்தான் இடம். எதை வைக்கலாம்?

உங்கள் நிலத்தில் அதிக உயிர்களைத் தாங்கும் மரம் எது என்று பாருங்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அது ஓக். 500க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களின் புழுக்கள் அதைத் தின்று வளர்கின்றன. வெப்ப நாடுகளில் யோசிக்காமல் சொல்வேன், அத்தி, ஆல், அரசு இனம். அத்திக் குடும்பத்தின் பழத்தைத் தின்னும் பறவை, பாலூட்டி இனங்கள் மட்டும் உலகில் 1,200க்கு மேல். காட்டில் வேறெந்தப் பழமும் இல்லாத மாதத்திலும் எங்கோ ஓர் அத்தி பழுத்திருக்கும். காரணம் அதன் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் சின்னஞ்சிறு குளவி. அந்தக் குளவி சில நாள்தான் உயிர்வாழும், ஆகையால் ஏதாவது ஒரு மரம் எப்போதும் காய்விட்டுக்கொண்டிருந்தால்தான் இருவரும் பிழைக்க முடியும்.

ஆனால் ஆலையும் அரசையும் சுவருக்கருகில் வைக்காதீர்கள், வேர் கட்டடத்தைப் பிளக்கும். இடம் குறுகல் என்றால் அங்கே இயல்பாக வளரும் சிறிய மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெற்காசியாவில் சரக்கொன்றை நல்லது. பூவுக்காக வைப்போம், இலைக்காகக் கொன்றை வெள்ளையன் பட்டாம்பூச்சி வரும்.

எனக்குத் தோட்டமே இல்லை, பால்கனியும் நாலு தொட்டியும்தான்.

ஒரு தொட்டியில் ஒரு புழுவின் செடி, இன்னொன்றில் ஒரு தேன் செடி, மூன்றாவதில் உங்கள் பகுதியின் புல். புல்லை யாரும் மதிப்பதில்லை. எத்தனையோ பழுப்பு நிறப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அதுதான் சோறு. நாலாவது தொட்டி உங்கள் விருப்பம். மாடி மிக உயரம் என்றால் கீழே இருப்பவருக்கு ஒரு செடி கொடுங்கள், படிக்கட்டு போல் அதுவும் உதவும்.

தண்ணீர் வைக்கலாமா? கொசு வருமே.

ஆழமில்லாத தட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர், நடுவில் வெளியே தெரியும்படி இரண்டு கல். தேனீ உட்காரவும், விழுந்த பூச்சி ஏறி வரவும் அந்தக் கல். வெப்பமான இடத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டு நாளுக்கொருமுறை நீரைக் கொட்டி மாற்றினால் அது முடியாது. டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும், எனவே நீர் மாற்றும்போது தேய்த்துக் கழுவுங்கள்.

குட்டை வெட்ட இடமிருந்தால் ஒரு பக்கக் கரையைச் சரிவாக விடுங்கள், தவளை ஏறி இறங்கட்டும். மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். தட்டான்கள் தாமாக வந்து முட்டையிடும், அவற்றின் இளம்பருவம் கொசுப்புழுவைத் தின்னும். தவளையை வேறெங்கிருந்தும் பிடித்துவந்து விடவேண்டாம், அதோடு பூஞ்சை நோயும் வரக்கூடும்.

தேனீ கொட்டுமே, குழந்தைகள் இருக்கிறார்கள்.

பயம் நியாயமானது, ஆனால் தேனீ என்றதும் நமக்குத் தேன்கூடு மட்டும் நினைவுக்கு வருகிறது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. காக்க வேண்டிய கூட்டமோ தேன் சேமிப்போ இல்லாததால் அவை துரத்திக் கொட்டுவதில்லை, கையில் பிடித்து நசுக்கினால்தான் ஆபத்து. கொட்டு ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் மட்டும் பூச்செடிகளை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பத்தில் ஏழு இனம் மண்ணில் குழி தோண்டிக் கூடு கட்டுகிறது. எல்லா இடத்திலும் சிமெண்டும் கல்லும் பரப்பிவிட்டால் அவற்றுக்கு வீடில்லை. வெயில் படும் ஒரு முழம் வெற்று மண் போதும். மற்றவை காய்ந்த தண்டுக்குள், பட்ட மரத்துளைக்குள் வாழும். இலைவெட்டித் தேனீ இலை ஓரத்தைக் கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக நறுக்கி எடுத்துப்போய்க் கூட்டுக்கு மெத்தை போடும். அந்த வட்டத்தைப் பார்த்தால் நோய் என்று மருந்தடிக்காதீர்கள்.

மருந்தே அடிக்கக் கூடாதா? வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே?

இயற்கையானதுதான், ஆனாலும் அது புழுவின் தோலுரிப்பைத் தடுத்துக் கொல்கிறது. நீங்கள் வரவேற்க நினைத்த பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் அதே கதிதான். காய்கறிச் செடியில் தேவைப்பட்டால் அந்தப் பாத்தியோடு நிறுத்துங்கள்.

நியோநிகோடினாய்டு வகை மருந்துகள் இன்னொரு தினுசு. வேர் வழியே உறிஞ்சப்பட்டு இலை, மகரந்தம், தேன் எல்லாவற்றிலும் கலந்துவிடும். அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. பட்டாம்பூச்சிச் செடி என்று ஆசையாக வாங்கி வந்ததில் புழுக்கள் வரிசையாகச் செத்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். நாற்று வாங்கும்போது என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விதையிலிருந்து வளர்ப்பது மேல்.

அசுவினி மொய்த்தால் பத்து நாள் பொறுங்கள். பொறிவண்டு அதைத் தேடித்தான் வரும். வருவதற்குள் உணவை அழித்துவிட்டால் அது வேறெங்கோ போய்விடும். பொறுக்க முடியாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள்.

சருகைக் கூட்டாமல் விட்டால் பாம்பு வராதா?

சருகுக்கடியில்தான் கூட்டுப்புழுக்கள் தூங்குகின்றன, அரணை வேட்டையாடுகிறது, தரையில் மேயும் பறவைகள் கிளறித் தின்கின்றன. தினமும் கூட்டி எரிக்கும் தோட்டத்தில் அடுத்த ஆண்டின் பட்டாம்பூச்சியும் சேர்ந்து எரிகிறது. ஆகவே சருகு வேண்டும்; ஆனால் வாசலில் வேண்டாம்.

பாம்பு எலிக்காகவும் தவளைக்காகவும் ஒளிய இடத்துக்காகவும் வருகிறது. சிந்திய தானியமும் குப்பையும் இருந்தால் எலி வரும், எலியோடு பாம்பும் வரும். வீட்டைச் சுற்றி மூன்று நாலு மீட்டர் நன்றாகக் கூட்டி வெறுமையாக வையுங்கள். சருகு, பட்ட கட்டை, கற்குவியல் எல்லாம் வேலியோரம். இரவில் விளக்கோடும் செருப்போடும் நடங்கள். கட்டைக்கடியில் கையை விடாதீர்கள். பெரும்பாலான பாம்புகளுக்கு நஞ்சில்லை, ஆனால் எது என்று அடையாளம் பார்க்கக் கிட்டே போகவும் வேண்டாம்; பயிற்சி பெற்றவரை அழையுங்கள். கடித்துவிட்டால் நேராக மருத்துவமனைக்குத்தான்.

பறவைக்குத் தீனி வைக்கலாமா?

வைக்கலாம், தட்டை அடிக்கடி கழுவ முடிந்தால். 2005ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் பச்சைக்குருவி இனம் ஒன்று டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நோயால் பெருமளவு மடிந்தது. ஒரே தீனித்தட்டில் கூடுவது அது பரவும் வழிகளில் ஒன்று. என் விருப்பம் எப்போதும் பழச்செடிதான்.

அடுக்குப் பூ அழகாக இருக்கிறதே, வைக்கலாமா?

அழகுக்கு வைக்கலாம். அடுக்கு ரகங்களில் மகரந்தத் தாள்கள்தான் இதழாக மாறியிருக்கின்றன. அதனால் பலவற்றில் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. ஒற்றை இதழ் வரிசைப் பூவை முதலில் தேடுங்கள்.

செடியை எங்கே பெறுவது? எப்போது நடுவது?

காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். அங்கே ஒரு வீட்டை இடித்து இங்கே கட்டியதாகும். பக்கத்தில் வளரும் செடியிலிருந்து அனுமதியோடு கொஞ்சம் விதை எடுங்கள். அதே மழைக்கும் வெயிலுக்கும் பழகிய விதை அது. பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தை ஏற்றினால் உதவி கிடைக்கும்.

மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். குளிர்நாடு என்றால் இலையுதிர் காலமும் வசந்தமும். மண்ணின் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்ற பேச்சை நம்பி முதல் கோடையில் இழந்தவர்கள் பலர். வேர் ஆழம் போகும்வரை, ஓராண்டு, ஊற்றத்தான் வேண்டும். உரம் தேவையில்லை.

செடி தவிர வேறு என்ன கவனிக்க வேண்டும்?

விளக்கு, கண்ணாடி, பூனை. இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கு அந்துப்பூச்சிகளைச் சுற்றவைத்தே சோர்ந்து விழச் செய்கிறது. தேவைப்படும்போது மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு போடுங்கள். பெரிய சன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள், வானம் என்று எண்ணிப் பறவை மோதாது. பூனைகள் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. உங்கள் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். பூனையை நேசிப்பவர்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். பறவையை அழைத்துவிட்டுப் பூனையை வெளியே விட என் மனது ஒப்பவில்லை.

எத்தனை நாளில் பலன் தெரியும்? என்னென்ன வரும்?

புழுவின் செடியை வைத்த சில வாரங்களிலேயே முட்டை வரலாம். பறவை வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

என்னென்ன வரும் என்பதற்கு ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் விடை தேடினார். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சாதாரணத் தெருவிலிருந்த தன் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் 30 ஆண்டுகள் விடாமல் கவனித்துக் குறித்தார். காய்கறி, பூ, களை எல்லாம் கலந்த தோட்டம்தான். கணக்கு 2,673 இனங்களில் வந்து நின்றது: 474 தாவரம், 1,997 பூச்சி, 138 மற்ற முதுகெலும்பில்லாதவை, 64 முதுகெலும்புள்ளவை. அறிவியல் அதுவரை பெயர் வைக்காத குளவிகளும் அதில் இருந்தன.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, செடி, இலையில் என்ன கண்டேன். எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் கறிவேப்பிலைச் செடியில் இளந்தளிரைப் பாருங்கள். குண்டூசித் தலையளவில் வெளிர்மஞ்சளாக ஒரு முத்து ஒட்டியிருந்தால் அது முட்டை. அந்தக் கொப்பை மட்டும் சில வாரங்களுக்குக் கிள்ளாமல் விடுங்கள்.